எட்டு பிட் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள்: எந்த சிப், ஏன்? – வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 1975-க்கும் 1985-க்கும் இடையில் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பற்றியவை. வெவ்வேறு மெஷின்கள், வெவ்வேறு சந்தேகங்கள். ஆனால் விடை தேடிப் போனால் எல்லாமே ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. பிராசசர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பதைவிட, மெமரியும் திரையும் அதோடு எப்படி ஒத்துப்போகின்றன, மொத்தச் செலவு எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் அன்றைய தயாரிப்பாளர்கள் சிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கேள்வி: ஸ்பெக்ட்ரமில் இசட்80 சிப் 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. கமடோர் 64-இல் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ்தான். அப்படியானால் ஸ்பெக்ட்ரம் மூன்றரை மடங்கு வேகமா?

பதில்: இல்லை. இரண்டு சிப்களும் துடிப்பைச் (1 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 10 லட்சம் துடிப்பு) செலவழிக்கும் விதமே வேறு. 6502 சிப்பும், கமடோர் 64-இல் இருக்கும் அதன் தம்பியான 6510-ம் ஒவ்வொரு துடிப்பிலும் மெமரியை ஒரு தடவை தொடும். இசட்80-க்கு ஒரு கட்டளையை எடுக்க 4 துடிப்பு, மெமரியிலிருந்து ஒரு பைட்டைப் படிக்க 3 துடிப்பு வேண்டும்.

காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். கணக்குக்காக 6510-ஐச் சரியாக 1 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மெமரியில் ஓர் எண்ணிக்கையை ஒன்று கூட்ட வேண்டும். 6502-இல் அந்த எண்ணிக்கை ஜீரோ பேஜில், அதாவது முதல் 256 பைட்டுக்குள் இருந்தால், ஒரே கட்டளை, 5 துடிப்பு, 5 மைக்ரோ நொடி. இசட்80-இல் முதலில் எச்எல் என்ற ரெஜிஸ்டரில் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) முகவரியை ஏற்ற 10 துடிப்பு, பிறகு கூட்ட 11 துடிப்பு. மொத்தம் 21. 3.5 மெகாஹெர்ட்ஸில் 6 மைக்ரோ நொடி. இங்கே ‘மெதுவான’ சிப்தான் முந்துகிறது.

இப்போது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு பைட்களை நகல் எடுக்கச் சொல்லுங்கள். 6502-இல் எடு, போடு, எண்ணு, திரும்பு என்ற சுற்றுக்கு பைட்டுக்கு 4 + 5 + 2 + 3, மொத்தம் 14 மைக்ரோ நொடி. இசட்80-இல் எல்டிஐஆர் என்ற ஒரே கட்டளை பைட்டுக்கு 21 துடிப்பில், அதாவது 6 மைக்ரோ நொடியில் முடித்துவிடும். இரண்டு மடங்குக்கு மேல் வேகம். வேலை முழுவதும் ரெஜிஸ்டர்களுக்குள்ளேயே நடந்தாலும் இசட்80-க்குத்தான் லாபம். ஆகவே ‘எது வேகம்’ என்று கேட்பவரிடம் ‘எந்த வேலைக்கு’ என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

பிபிசி மைக்ரோவின் 6502 சிப் 2 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அது வேறு கதை. அந்த வேகத்தில் பிராசசருக்கும் திரைக்கும் மாறி மாறிக் கொடுக்க, நொடிக்கு 40 லட்சம் தடவை பதில் சொல்லும் மெமரி சிப்கள் தேவைப்பட்டன. 1981-இல் அப்படிப்பட்ட சிப்பைத் தேடிப்பிடிப்பதே பெரிய பாடு.

கேள்வி: 6502 சிப் 25 டாலருக்கு விற்றதாகப் படித்தேன். மற்றவர்கள் நூற்றுக்கணக்கில் விற்கும்போது அது எப்படி முடிந்தது?

பதில்: 1975 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்கான் கண்காட்சியின்போது எம்ஓஎஸ் டெக்னாலஜி அந்த விலைக்கு விற்றது உண்மைதான். அப்போது மோட்டரோலாவின் 6800 ஒன்று வாங்கினால் 175 டாலர். இன்டெலின் 8080 அறிமுகமானபோது 360 டாலர்.

காரணம் சிலிக்கான் பரப்பளவு. அதன் வடிவமைப்பாளர் சக் பெடிலும் அவரோடு மோட்டரோலாவிலிருந்து வந்தவர்களும் 6800-இன் வடிவத்தை எடுத்து, வேண்டாததை எல்லாம் வெட்டினார்கள். இரண்டாவது அக்யூமுலேட்டர் (கணக்கு நடக்கும் ரெஜிஸ்டர்) போயிற்று. 16 பிட் இண்டெக்ஸ் ரெஜிஸ்டருக்குப் பதிலாக இரண்டு 8 பிட் ரெஜிஸ்டர்கள் வந்தன. ஸ்டாக் (பிராசசர் தகவலைத் தற்காலிகமாக அடுக்கி வைக்கும் மெமரி) 256 பைட்டுக்குள் அடங்கியது. 6800-இன் சில்லு சுமார் 29 சதுர மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 6502 சுமார் 16.6-க்குள் முடிந்தது. சில்லு சிறிதானால் ஒரு வேஃபரில், அதாவது சிலிக்கான் தட்டில், அதிகம் வெட்டலாம். அதோடு, ஒரு தூசியோ குறையோ கெடுக்கும் சில்லுகளின் பங்கும் குறையும். சிறிதாக்கியதற்கு இப்படி இரட்டைப் பலன். பழுதான மாஸ்க்கை (சிப்பின் வடிவத்தைப் பதிக்கும் அச்சு) முழுதாகத் தூக்கிப்போடாமல் திருத்திப் பயன்படுத்தும் வழியையும் அவர்கள் வைத்திருந்தார்கள். நல்ல சிப்களின் விகிதம் அதனாலும் ஏறியது.

மோட்டரோலா அடுத்த மாதமே 6800-இன் விலையை 69 டாலராக இறக்கியது. ஆப்பிளின் முதல் மெஷினை ஸ்டீவ் வோஸ்னியாக் காகிதத்தில் 6800-க்காகத்தான் வரைந்திருந்தார். கையில் வாங்க முடிந்த விலை 6502-க்கு இருந்ததால் அதற்கு மாறினார். கமடோருக்கோ தேர்வு என்ற பேச்சே இல்லை. 1976-இல் எம்ஓஎஸ் டெக்னாலஜியையே வாங்கிவிட்டது. பெட், விக்-20, கமடோர் 64 எல்லாமே சொந்த வீட்டுச் சரக்கு.

கேள்வி: ஆப்பிள் II-இல் திரை மெமரியின் வரிசை ஏன் இவ்வளவு குழப்பமாக இருக்கிறது? முதல் வரி 1024-இல், இரண்டாவது வரி 1152-இல், ஒன்பதாவது வரி 1064-இல் என்று போகிறது.

பதில்: குழப்பமாகத் தெரியும் இந்த வரிசைதான் அந்த மெஷினின் அழகு. 6502 தன் துடிப்பின் பின்பாதியில் மட்டும்தான் மெமரியோடு தகவலைப் பரிமாறும். முன்பாதியில் மெமரி சும்மா கிடக்கும். அந்த முன்பாதியை வோஸ்னியாக் திரைக்குக் கொடுத்தார். பிராசசர் ஒரு துடிப்புகூட நிற்க வேண்டியதில்லை, திரையிலும் பொட்டு பொட்டாகப் புள்ளிகள் தெறிக்காது.

இன்னொன்றும் உண்டு. டைனமிக் மெமரி தன் தகவலைத் தானாக வைத்திருக்காது. 4116 என்ற மெமரி சிப்பானால் அதன் 128 வரிசைகளையும் 2 மில்லி நொடிக்குள் ஒரு தடவை தொட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தகவல் கரைந்துவிடும். திரைக்காக ஓயாமல் படிக்கிறோமே, அந்தப் படிப்பே எல்லா வரிசைகளையும் தொடும்படி முகவரிகளைக் கலைத்துப் போட்டுவிட்டால் இப்படித் தொட்டுப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷுக்கென்று தனிச் சர்க்யூட் வேண்டாம். அந்தக் கலைப்புதான் நீங்கள் பார்ப்பது.

புரோகிராம் எழுதும்போது இப்படி நினைவில் வையுங்கள்: 128 பைட் கொண்ட ஒரு கட்டில் 40 எழுத்து வரிகள் மூன்று. முதல் கட்டில் 1, 9, 17-ஆம் வரிகள். மிச்சம் 8 பைட் திரையில் தெரியாது, அது விரிவாக்க அட்டைகளின் சொந்த உபயோகத்துக்கு. அதில் எழுதினால் டிஸ்க் அட்டை குழம்பிப்போகும். திரை மெமரியை மொத்தமாக நிரப்பிச் சுத்தம் செய்யும் புரோகிராம்கள் செய்யும் வழக்கமான தவறு இதுதான்.

கேள்வி: கமடோர் 64-இல் திரையை அணைத்தால் கணக்கு வேகமாக ஓடுகிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை, ஆனால் லாபம் சுமார் 5 சதவீதம்தான். இங்கும் திரைச் சிப் தன் பெரும்பாலான வேலையை முன்பாதியிலேயே முடித்துக்கொள்கிறது. எட்டு கோட்டுக்கு ஒரு தடவை மட்டும் அடுத்த எழுத்து வரிசையின் 40 எழுத்துகளையும் எடுக்க நேரம் போதாமல் பிராசசரை 40 முதல் 43 துடிப்பு நிறுத்தி வைக்கும். பால் டிவி முறை மெஷினில் ஒரு முழுத்திரைக்கு 63 x 312 = 19,656 துடிப்பு. 25 எழுத்து வரிசைக்கு ஏறக்குறைய ஆயிரம் துடிப்பு போய்விடும். ஸ்பிரைட்கள் (திரையில் தனியாக நகரும் சிறு படங்கள்) ஓடினால் இன்னும் கொஞ்சம் போகும்.

பேசிக் மொழியில் அணைக்க: போக் 53265, பீக்(53265) ஆண்ட் 239. திரும்பக் கொண்டுவர: போக் 53265, பீக்(53265) ஆர் 16. கேசட்டிலிருந்து ஏற்றும்போது திரை மறைவதும் இதனால்தான். துடிப்புகளை எண்ணி நேரம் பார்க்கும் ரொட்டீன் நடுவில் 40 துடிப்பு திடீரென்று காணாமல் போனால் பிட்டைத் தப்பாகப் படித்துவிடும்.

கேள்வி: இசட்எக்ஸ்81-இல் ஃபாஸ்ட் என்று அடித்தால் திரையே போய்விடுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. இசட்எக்ஸ்81-இல் படத்தை வரைவதே பிராசசர்தான், அதற்கென்று தனித் திரைச் சிப் கிடையாது. 1980-இல் வந்த இசட்எக்ஸ்80-இல் 21 சிப்கள், அடுத்த ஆண்டின் இசட்எக்ஸ்81-இல் நான்கைந்துதான். அந்தச் சிக்கனத்துக்குக் கொடுத்த விலை இது.

நடக்கும் விதத்தை நெருங்கிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இசட்80 ஒரு கட்டளையை எடுக்கும் 4 துடிப்பில் கடைசி இரண்டை டைனமிக் மெமரியை ரெஃப்ரெஷ் செய்வதற்கென்று ஒதுக்குகிறது. அப்போது ஐ ரெஜிஸ்டரும் ஆர் ரெஜிஸ்டரும் முகவரிக் கம்பிகளில் வரும். ஆனால் இசட்எக்ஸ்81-க்குள் இருக்கும் 1 கிலோபைட் ஸ்டாட்டிக் மெமரி, அதற்கு ரெஃப்ரெஷே தேவையில்லை. அந்த ஓய்வுத் துடிப்புகளைத்தான் படம் வரையப் பிடித்துக்கொண்டார்கள்.

பிராசசர் திரை எழுத்துகள் இருக்கும் இடத்துக்கே, முகவரியோடு 32768 கூட்டிய இடத்துக்கு, கட்டளை எடுக்கத் தாவும். ‘ஏ’ என்ற எழுத்தின் குறியீடு வெளியே வரும். ஆனால் ஃபெரான்டி நிறுவனம் செய்த யுஎல்ஏ என்ற துணைச் சிப் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பிராசசருக்கு வெறும் பூஜ்யத்தைக் காட்டும். பூஜ்யம் என்றால் ‘ஒன்றும் செய்யாதே’ என்ற கட்டளை. பிராசசர் சும்மா அடுத்த எழுத்துக்கு நகரும். இதற்கிடையே ரெஃப்ரெஷ் துடிப்புகளில் ஐ ரெஜிஸ்டர் ரோமில் (படிக்க மட்டுமே முடியும் மெமரி) எழுத்து வடிவங்கள் இருக்கும் பகுதியைக் காட்ட, யுஎல்ஏ பிடித்து வைத்த குறியீட்டையும் கோட்டு எண்ணையும் சேர்க்க, அந்த எழுத்தின் 8 புள்ளிகள் திரைக்குப் போய்விடும். வரி முடியும் இடத்தில் 118 என்ற குறியீடு இருக்கும். அதற்கு ஆறாவது பிட் 1 என்பதால் யுஎல்ஏ அதைத் தடுக்காது. இசட்80-க்கு 118 என்றால் ஹால்ட். அங்கே நின்று அடுத்த கோட்டுக்கான இண்டரப்டுக்கு, அதாவது இடைமறிக்கும் சமிக்ஞைக்கு, காத்திருக்கும்.

இப்படி 192 கோடுகளையும் வரைந்து முடித்தபின், மேலும் கீழும் உள்ள வெற்றுப் பகுதி ஓடும் நேரத்தில்தான் உங்கள் புரோகிராம் ஓடும். அது ஸ்லோ. ஃபாஸ்டில் படமே வரையாமல் முழு நேரமும் கணக்கு, ஆகவே சுமார் நான்கு மடங்கு வேகம். நீளமான கணக்குக்கு முன் ஃபாஸ்ட், முடிந்ததும் ஸ்லோ என்று புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். இசட்எக்ஸ்80-இல் ஸ்லோ கிடையாது. விசையைத் தட்டும்போதெல்லாம் திரை ஒரு கணம் மறைவது அதனால்தான்.

கேள்வி: டிஐ-99/4ஏ 16 பிட் மெஷினாமே. பிறகு ஏன் பேசிக்கில் அவ்வளவு மெதுவாக ஊர்கிறது?

பதில்: சிப் 16 பிட்தான், 3 மெகாஹெர்ட்ஸ் டிஎம்எஸ்9900. சுற்றியுள்ளவைதான் கழுத்தை நெரிக்கின்றன. இந்தச் சிப்பின் 16 ரெஜிஸ்டர்களும் வெளியே மெமரியில் இருக்கின்றன. அந்த மெஷினில் 16 பிட் அகலத்தில் வேகமாகப் படிக்கக்கூடிய ரேம் வெறும் 256 பைட். மற்ற ரேம் எல்லாம் 8 பிட் பஸ் (தகவல் போகும் கம்பிகள்) வழியாக, காத்திருப்புத் துடிப்புகளோடு. பெயர் சொல்லும் 16 கிலோபைட் ரேம் திரைச் சிப்போடு ஒட்டியிருக்கிறது. பிராசசர் அதை நேரே தொட முடியாது, முகவரியைச் சொல்லி ஒவ்வொரு பைட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பேசிக் புரோகிராம் இருப்பது அங்கேதான். போதாக்குறைக்கு பேசிக் மொழிபெயர்ப்பியே ஜிபிஎல் என்ற இடைமொழியில் எழுதப்பட்டது, அதை இன்னொரு மொழிபெயர்ப்பி ஓட்டுகிறது. இரட்டை மொழிபெயர்ப்பு. நல்ல பிராசசரை வைத்து மெமரியில் மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கேள்வி: 6809 மிகச் சிறந்த எட்டு பிட் சிப் என்கிறார்கள். ஏன் அதிக மெஷின்களில் வரவில்லை?

பதில்: சிறந்ததுதான், சந்தேகமில்லை. இரண்டு ஸ்டாக், 16 பிட் இண்டெக்ஸ் ரெஜிஸ்டர்கள், பெருக்கலுக்கே ஒரு கட்டளை. ஆனால் அது வந்தபோது 6502-க்கும் இசட்80-க்கும் மென்பொருளும் பழகிய ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள், விலையும் கூடுதல். டாண்டியின் கலர் கம்ப்யூட்டரும் (1980) டிராகன் 32-ம் (1982) துணிந்து எடுத்தன. அவற்றிலும் துடிப்பு 0.89 மெகாஹெர்ட்ஸ்தான்.

கேள்வி: இசட்80 இருந்தால் எந்த மெஷினிலும் சிபி/எம் இயங்குதளம் ஓடுமா?

பதில்: ஓடாது. சிபி/எம்முக்கு முகவரி 0-இலிருந்து ரேம் வேண்டும். டிஆர்எஸ்-80 மாடல் ஒன்றிலும் ஸ்பெக்ட்ரமிலும் அந்த இடத்தில் ரோம் உட்கார்ந்திருக்கிறது. மாறாக 6502 மெஷினான ஆப்பிள் II-இல் அது ஓடியது! மைக்ரோசாஃப்ட் 1980-இல் விற்ற சாஃப்ட்கார்டில் ஓர் இசட்80 இருந்தது. 6502-க்கு ஜீரோ பேஜும் ஸ்டாக்கும் அடியில் கட்டாயம் தேவை என்பதால், அந்த அட்டை இசட்80-இன் முகவரி 0-ஐ ஆப்பிளின் 4096-க்கு நகர்த்திக் காட்டியது.

கேள்வி: 48கே ஸ்பெக்ட்ரம் ஒன்று கிடைத்தது. போட்டால் செங்குத்துப் பட்டைகள் மட்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மின்சாரத்திலிருந்து. இசட்80-க்கு ஒரே 5 வோல்ட் போதும். 8080-க்கோ +5, –5, +12 மூன்றும் வேண்டும். அதை விட்டு வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்கள் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஸ்பெக்ட்ரமின் கீழ் 16 கிலோபைட்டில் மலிவான 4116 சிப்களைப் போட்டதால் அந்த மூன்று வோல்ட்டேஜ்களும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டன.

முதலில் பின்னால் செருகியவற்றை எல்லாம் எடுத்துவிடுங்கள். அடாப்டர் 9 வோல்ட், நடுமுனை நெகடிவ். இது பலருக்குத் தெரியாமல் சாதாரண அடாப்டரைச் செருகிப் போர்டைக் கெடுத்துவிடுகிறார்கள். மின்சாரம் கொடுக்கும் முன், ஐசி6 முதல் ஐசி13 வரையுள்ள 4116-களில் ஏதாவது ஒன்றின் 1, 8, 9-ஆம் பின்களுக்கும் 16-ஆம் பின்னுக்கும் இடையே மின்தடை பாருங்கள். சில ஓம்தான் காட்டுகிறது என்றால் எங்கோ ஷார்ட். அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

பிறகு மின்சாரம் கொடுத்து, மீட்டரின் கறுப்பு முனையை 16-இல் வைத்து அளக்கவும். 9-இல் +5, 8-இல் +12 (10.8-க்கும் 13.2-க்கும் இடையில்), 1-இல் –5 (–4.5-க்கும் –5.5-க்கும் இடையில்). ஐந்தே இல்லை என்றால் 7805 ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். ஐந்து இருந்து மற்ற இரண்டும் இல்லை என்றால் அநேகமாக டிஆர்4, அதாவது இசட்டிஎக்ஸ்650 டிரான்சிஸ்டர். பக்கத்திலுள்ள டிஆர்5-ஐயும் (இசட்டிஎக்ஸ்213) காயிலின் சுற்றுகளையும் சேர்த்தே சோதியுங்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் எதையாவது செருகினால், கனெக்டர் கொஞ்சம் சாய்ந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டால், முதலில் போவது டிஆர்4.

12 இருந்து –5 மட்டும் இல்லாமல் ஓட விடக்கூடாது. அந்த நிலையில் 4116 சூடாகிச் செத்துவிடும். அளப்பதும் சில நொடிகளுக்குள் முடியட்டும். மூன்றும் சரியாக இருந்தும் பட்டைகள் போகாவிட்டால் சிப்களை விரலால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சுடும் சிப்தான் பெரும்பாலும் குற்றவாளி. மாற்றும்போது சாக்கெட் போட்டுவிடுங்கள். மேல் 32 கிலோபைட்டுக்கு 5 வோல்ட் மட்டுமே என்பதால் இந்தப் பழுது அதைத் தொடாது.

சரியானபின் இன்னொன்று: கீழ் 16 கிலோபைட்டில் யுஎல்ஏ திரைக்காகப் படிக்கும்போது பிராசசரின் துடிப்பையே நிறுத்தி வைக்கும். வேகம் வேண்டிய மெஷின்கோடை (பிராசசரின் கட்டளைகளிலேயே எழுதிய புரோகிராம்) 32768-க்கு மேல் வையுங்கள், முன்னதாக க்ளியர் 32767.

கேள்வி: பழைய 6502-க்குப் பதில் இன்று கிடைக்கும் சிஎம்ஓஎஸ் (புதிய தயாரிப்பு முறை) சிப்பை அப்படியே செருகலாமா?

பதில்: அப்படியே செருகாதீர்கள். டபிள்யூடிசி தயாரிக்கும் டபிள்யூ65சி02எஸ் சிப்பில் 1-ஆம் பின் ஒரு வெளியீடு. பழைய போர்டுகளில் அந்த இடம் கிரவுண்டோடு இணைந்திருக்கும், ஆகவே வெளியீடு ஷார்ட் ஆகும். அந்தப் பின்னை வெளியே வளைத்துச் சாக்கெட்டுக்குள் போகாமல் விடுங்கள். சிப்பின் பின்னை வளைக்க மனமில்லை என்றால் நடுவில் ஓர் உபரி சாக்கெட் வைத்து அதன் பின்னை வெட்டலாம். 36-ஆம் பின் பழைய சிப்பில் வெறுமையானது, புதியதில் அது உயர்ந்திருந்தால்தான் பஸ்ஸே வேலை செய்யும். 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக +5-க்கு இழுத்துவிடுங்கள். 2-ஆம் பின் நேரடியாக +5-இல் ஒட்டியிருந்தால் அங்கும் இடையில் ஒரு ரெசிஸ்டர் நல்லது, புதிய சிப் சில சமயம் அதைத் தானே கீழே இழுக்கும். பழைய ராக்வெல் ஆர்65சி02 கிடைத்தால் 1-ஆம் பின் தொல்லை இல்லை.

கையேட்டில் இல்லாத கட்டளைகளைப் பயன்படுத்திய பழைய விளையாட்டுகள் எந்த சிஎம்ஓஎஸ் சிப்பிலும் ஓடாது, பழைய என்எம்ஓஎஸ் சிப்பே வேண்டும். கமடோர் 64-க்கு இந்த வழியே கிடையாது. அதன் 6510-இல் முகவரி 0-இலும் 1-இலும் ஓர் உள்ளீட்டு-வெளியீட்டு போர்ட் இருக்கிறது. ரோமையும் ரேமையும் மாற்றிக்காட்டுவதும் கேசட் மோட்டாரை ஓட்டுவதும் அதுதான், பின் அமைப்பும் வேறு.